டயரும் சஸ்பென்ஷனும் மாற்றிய பிறகு வண்டி சரியில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்போம்

என்னிடம் இருப்பது 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், கீழ் வேரியன்ட். கம்பெனியிலிருந்து வரும்போது 165/80 ஆர்14 டயர், இரும்பு வீல். வளைவில் இன்னும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும், மைலேஜும் ஏறினால் நல்லது என்ற ஆசையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். 195/65 ஆர்15 டயர், அலாய் வீல், நான்கு ஸ்பிரிங்குக்கு நடுவிலும் ரப்பர் பஃபர். அடுத்த வாரமே மைலேஜ் விழுந்தது, 85 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது, ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு முதுகு வலி. மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எது எதனால் வருகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. திரும்ப ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, ஆறு மாதம் ஆனது.

அந்த ஆறு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டி வேறு மாடலாக இருக்கலாம், ஆனால் முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும், முறுகக்கூடிய உத்தரம்) இருக்கிற எந்தச் சின்ன காருக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

எதையும் கழற்றுவதற்கு முன்

சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். பங்க்கில் இருக்கும் மெஷின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு காட்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு குளிர்ந்த டயருக்கு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். டயருக்குள் சுமார் 6 டிகிரி சூடு ஏறினால் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) கூடும். அதனால் மதிய வெயிலில் ஓடி வந்த டயர் 4 பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை நான்கு டயரும் குறைவாக நிற்கும். நைட்ரஜன் அடிப்பவர்கள் அடிக்கட்டும், ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. நைட்ரஜன் அடித்தாலும் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. டயர் அளவு, காற்று, ஓடிய தூரம், போட்ட பெட்ரோல், இந்த நான்கையும் எழுதுங்கள். கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

சோதிக்கும் வரிசை எப்போதும் இதுதான்: காற்று, டயர், வீல், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), ஜாயின்ட்டும் புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), கடைசியில்தான் ஷாக்கும் ஸ்பிரிங்கும். காசு குறைவாக ஆகும் இடத்திலிருந்து தொடங்கிப் போனால் பெரும்பாலும் நடுவிலேயே கோளாறு கிடைத்துவிடும்.

அறிகுறி: டயர் மாற்றியதும் மைலேஜ் குறைந்துவிட்டது

முதலில், உண்மையிலேயே குறைந்ததா என்று பாருங்கள். கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எல்லா அளவுக்கும் இதே வழிதான்.

165/80 ஆர்14 என்றால் டயர் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 264. நடுவில் ரிம் 14 இன்ச், அதாவது 355.6 மி.மீ. மொத்த உயரம் 619.6 மி.மீ. இப்போது 195/65 ஆர்15 எடுங்கள். பக்கச்சுவர் 126.75, இரண்டு சேர்த்து 253.5, ரிம் 381, மொத்தம் 634.5 மி.மீ. பழையதைவிட 2.4 சதவீதம் பெரிது. டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி முன்பைவிட 2.4 சதவீதம் அதிக தூரம் போகிறது, ஆனால் மீட்டருக்கு அது தெரியாது, அது பழைய டயர் என்றே நினைத்து எண்ணிக்கொண்டிருக்கும்.

மீட்டரில் 400 கி.மீ. காட்டுகிறது, 24 லிட்டர் பெட்ரோல் பிடித்தது என்று வையுங்கள். கணக்குப்படி 16.7. ஆனால் வண்டி உண்மையில் ஓடியது சுமார் 410 கி.மீ., உண்மை மைலேஜ் 17.1. டிஸ்பிளேயில் வரும் சராசரியும் இதே மீட்டரை நம்பித்தான் வருகிறது, அதுவும் குறைத்தே காட்டும். நான் வருத்தப்பட்டதில் கிட்டத்தட்ட பாதி இப்படி எண்ணிக்கைப் பிழையால் வந்ததுதான். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்து ஒரு 50 கி.மீ. ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் உங்கள் வண்டியின் வித்தியாசம் நேரடியாகத் தெரிந்துவிடும். வேகத்துக்கும் இது பொருந்தும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதைவிட 2.4 சதவீதம் வேகமாகப் போகிறது.

இன்னொன்று. தேய்ந்த பழைய டயரைப் புது டயரோடு ஒப்பிட்டால் புதுசு எப்போதும் தோற்கும். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டங்கள்) ஆழமாக இருக்கும்போது ரப்பர் அதிகம் நெளிகிறது, அந்த நெளிவில்தான் சக்தி சூடாகப் போய் வீணாகிறது. தேயத் தேய உருளும் எதிர்ப்பு குறையும். ஆகவே ஒரே டேங்க்கைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரே பங்க்கில், முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்தி, குறைந்தது மூன்று டேங்க் பாருங்கள்.

இவ்வளவும் கழித்த பிறகும் குறைவாக இருந்தால் எடையைப் பாருங்கள். குளியலறை எடை மெஷினில் வீலோடு டயரை வைத்தே பார்த்தேன். பழைய இரும்பு வீல் செட் 14 கிலோ, புது அலாய் செட் 17 கிலோ. அலாய் என்றாலே லேசு என்று நினைத்திருந்தேன். விலை குறைந்த அலாய் பல சமயம் இரும்பைவிடக் கனமாக இருக்கும். இந்த 3 கிலோவை டிக்கியில் போட்டால் ஒன்றும் தெரியாது. சக்கரத்தில் போட்டால் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு சிக்னலிலும் அதைத் தள்ள வேண்டும், கூடவே சுழற்றவும் வேண்டும். நகர ஓட்டத்தில் மைலேஜ் அதிகம் விழுந்து நெடுஞ்சாலையில் அவ்வளவு விழவில்லை என்றால் முதல் சந்தேகம் எடைமேல். நெடுஞ்சாலையில் அதிகம் விழுந்தால் டயரின் அகலம், ரப்பரின் தன்மை, அலைன்மென்ட், இவற்றைப் பாருங்கள்.

காற்று பற்றி ஒரு எண். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு, நான்கு டயரின் சராசரியில் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது. 8 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் போய்விடும், டயரின் இரண்டு ஓரமும் சேர்ந்து தேயும். அதற்காக ஸ்டிக்கரில் இருப்பதைவிட 6, 7 அதிகமாக அடிக்கும் பழக்கமும் வேண்டாம். மைலேஜில் கிடைக்கும் கொஞ்சத்துக்கு மழை நாளில் பிரேக்கில் விலை கொடுக்க வேண்டிவரும்.

கடைசியாக, பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வீல் மாற்றிய நாளில் காலிப்பரை (பிரேக் பேடைப் பிடிக்கும் பாகம்) தட்டி எடுத்திருக்கலாம். பிரேக் அதிகம் மிதிக்காமல் ஒரு 10 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

என் தீர்வு என்ன என்று கேட்டால், 185/65 ஆர்15. உயரம் 621.5 மி.மீ., பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் 0.3 சதவீதம்தான். அதே ஸ்விஃப்ட்டின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுத்த அளவு. 165-ஐவிட வளைவில் நன்றாகவே பிடிக்கிறது, மைலேஜில் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. 195/55 ஆர்16 போட்டாலும் உயரம் 620.9 என்று அழகாகப் பொருந்தும், ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 107-க்கு இறங்கிவிடும். நம் ஊர்ப் பள்ளத்தில் ஒரு தடவை பலமாக இறங்கினால் ரிம் வளையும், டயரில் முட்டை மாதிரி வீக்கம் வரும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம்

ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம். சீட்டும் தரையும் நடுங்கினால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். 20, 30 வேகத்திலேயே வண்டி இடமும் வலமும் ஆடினால் டயரில் வீக்கம் அல்லது ரிம் வளைவு, அதை உடனே பாருங்கள், ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

80-லிருந்து 100-க்குள் வந்து, அதற்கு மேல் போனால் அடங்கும் நடுக்கம் பேலன்சிங் கோளாறு (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை). கடைக்குப் போனால் பேலன்ஸ் செய்து தருவார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை. மூன்று தடவை பேலன்ஸ் செய்தும் அதே நடுக்கம். மெஷினில் பூஜ்யம் காட்டுகிறது, ரோட்டில் நடுங்குகிறது.

காரணம் வீலின் நடுத் துளை. ஸ்விஃப்ட்டின் ஹப் (வீல் மாட்டி உட்காரும் நடுப் பாகம்) 54.1 மி.மீ. வெளியில் விற்கும் அலாய்கள் பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத் துளையை 67.1, 73.1 என்று பெரிதாக விட்டு வருகின்றன. ஹப்பின்மேல் வீல் உட்காராமல் சுற்றிலும் இடைவெளி இருக்கும், நான்கு நட்டு மட்டும்தான் அதை நடுவில் பிடித்து வைக்க வேண்டும். பேலன்ஸ் மெஷினில் கூம்பு வைத்து நடுவில் பிடிப்பதால் அங்கே கோளாறு தெரியாது. வண்டியில் மாட்டும்போது அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி நின்றாலும் போதும், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போடும். இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது, உள்ளே 54.1, வெளியே உங்கள் அலாயின் துளை அளவு. நான்கு வளையம் வாங்கி மாட்டினேன். வீலை ஹப்பில் வைத்ததும் கையை எடுத்தாலும் அசையாமல் நின்றது, முன்பெல்லாம் தொங்கிப் போய் கீழே சாயும். அன்றோடு நடுக்கம் போயிற்று. வீல் மாட்டிக் கொடுத்த கடையில் இதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

கூடவே நட்டையும் பாருங்கள். இரும்பு வீலுக்கு வந்த நட்டு அலாயின் குழியில் சரியாக உட்காராமல் போகலாம். கூம்பு, உருண்டை, தட்டை என்று இருக்கை மூன்று விதம். தவறான நட்டு முறுக்கும்போது இறுகியது போலத்தான் இருக்கும், ஓட ஓடத் தளரும்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சாய்ந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் கையை விட்டால் வண்டி மெதுவாக இடது பக்கம் போவது இயல்பு. அது கோளாறில்லை. சடாரென்று போனால், அல்லது வலது பக்கம் போனால்தான் தேட வேண்டும்.

காற்று சரிபாருங்கள். பிறகு முன் சக்கரம் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் டயர்தான் காரணம், அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்றக் கூடாது. இழுப்பு மாறவில்லை என்றால் அலைன்மென்ட், அல்லது ஒட்டிய பிரேக், அல்லது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ்.

அலைன்மென்ட் கடையில் ஒன்று கேட்டு வாங்குங்கள்: சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு, இரண்டும் அச்சிட்ட தாள். இந்த வகை வண்டியில் முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் கம்பெனி அமைப்பில் திருத்த முடியும், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) திருத்த வழி இல்லை. பின்பக்கம் டார்ஷன் பீம், அங்கே எதையுமே திருத்த முடியாது. தாளில் கேம்பர் சிவப்பில் இருக்கிறது, ஆனாலும் "எல்லாம் சரி பண்ணியாச்சு சார்" என்கிறார்கள் என்றால், எது வளைந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

அறிகுறி: அகலமான டயர் போட்டதும் ஸ்டீயரிங் ரோட்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது

அகல டயரும் தாழ்ந்த பக்கச்சுவரும் சேர்ந்தால் லாரிகள் ஓடிப் பள்ளமான தடத்திலும் கான்கிரீட் இணைப்பிலும் டயர் தானாக ஏறி இறங்கப் பார்க்கும். ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளியிருந்தால் இன்னும் மோசம். ஸ்பேசரை எடுத்துவிடுங்கள், டோவைச் சரிபாருங்கள். மீதம் இருப்பது டயரின் குணம், அதற்கு மருந்து இல்லை.

அறிகுறி: வளைவில் மிதக்கிறது, சாய்கிறது, அடுத்த வளைவுக்குத் தயாராக நேரம் எடுக்கிறது

இதை நான் கொல்லிமலையில் உணர்ந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு, ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. இடது பக்கம் சாய்ந்த வண்டி நிமிர்வதற்குள் வலது பக்கம் திருப்ப வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கியது. புது டயர் அகலமாக இருந்தும் நம்பிக்கை வரவில்லை. ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது என்று நினைத்துத்தான் பஃபர் போட்டிருந்தேன். கோளாறு ஷாக்கில் இருந்தது.

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) முடிவு செய்யும். எவ்வளவு வேகமாகச் சாய்ந்து எத்தனை ஆட்டத்தில் அடங்கும் என்பதை ஷாக் முடிவு செய்யும். ஷாக் செத்துப்போன வண்டியில் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் ஆட்டம் வேகமாகும், அடங்காது. அந்த ரப்பர் பஃபர் செய்வதும் அதைத்தான். சுருளின் இரண்டு வளையத்துக்கு நடுவே அடைத்து அந்த இடத்தை வேலை செய்ய விடாமல் நிறுத்துகிறது, மீதி வளையங்கள் அதிக வேலை செய்கின்றன. வண்டி கொஞ்சம் உயரும், கடினமாகும், புது ஷாக் போட்டது மாதிரி இருக்கும், ஒரு மாதம் சந்தோஷமாக இருக்கலாம். என்னுடைய கருத்து, அதை வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் காசைச் சேர்த்து வைத்து நல்ல ஷாக் வாங்குங்கள்.

சோதனை இப்படி. முன் சக்கரத்தை ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு டார்ச் அடித்து ஸ்ட்ரட்டின் உடலைப் பாருங்கள். லேசாக வியர்த்தது போல் தூசி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து கோடு போட்டிருந்தால் மாற்ற வேண்டும். பானெட்டை அழுத்தி விடும் சோதனையில் முழுதாகச் செத்த ஷாக்தான் பிடிபடும், பாதி செத்தது தப்பித்துவிடும். அதைவிட டயரைத் தடவிப் பாருங்கள், பட்டனில் மேடும் குழியுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள், முன் இரண்டு அல்லது பின் இரண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான், அதனால் மேலே இருக்கும் மவுண்ட்டையும் பேரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) சேர்த்தே மாற்றிவிடுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று விடுபடும் சத்தம் வந்தால் அந்த பேரிங் ஏற்கனவே போய்விட்டது.

இப்போது நான் சொல்லப்போவதை மெக்கானிக்கிடம் நின்று பார்த்துச் செய்ய வையுங்கள். லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையில் இருக்கும், கொஞ்ச நாளில் கிழியும். எனக்கு முதல் ஜோடி புஷ் அப்படித்தான் போனது. இரண்டாவது தடவை நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பள்ளத்தில் இறங்கிக் கீழிருந்து இறுக்க வைத்தேன், அது இன்றைக்கும் ஓடுகிறது.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது "டொக் டொக்" என்று வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (அந்தப் பாரைச் சக்கரத்தின் பக்கம் இணைக்கும் சின்னக் கம்பி). இது விலை குறைவான பாகம், அரை மணி நேர வேலை. லிங்க் ராட் தளர்ந்திருந்தால் திருப்பிய அந்த முதல் நொடியில் பார் வேலை செய்யாது, வண்டி தாமதமாகப் பிடிப்பது போலத் தோன்றும். இதை மாற்றாமல் ஸ்பிரிங் வாங்கப் போகாதீர்கள்.

அறிகுறி: வண்டியின் உயரத்தை இறக்கிய பிறகு ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கிறது, வளைவிலும் எதிர்பார்த்த மாதிரி இல்லை

ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. 35 மி.மீ. இறக்கினால் 128. அதில் ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் எந்த அளவும் இல்லாமல் போட்டு வைத்த ஸ்பீடு பிரேக்கர்களில் எக்ஸாஸ்ட் உரசும்.

இறக்கினால் சாயாது என்பதும் பாதி உண்மைதான். ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல் நோக்கித் திரும்பிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகிவிடுகிறது. ஸ்பிரிங் அதற்கேற்றபடி கடினமாக இல்லாவிட்டால் முன்பைவிட அதிகமாகவே சாயலாம். அதோடு பம்ப் ஸ்டாப்பும் ஷாக்கின் ஓட்ட நீளமும் பழையபடியே இருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி ஸ்பிரிங்கில் உட்காராமல் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். வளைவின் நடுவில் அது நடந்தால் பிடிப்பு சட்டென்று போகும்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருந்தால் ஒரு வார்த்தைதான்: மாற்றுங்கள், இன்றைக்கே. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடலாம். இறக்கியே ஆக வேண்டும் என்றால் அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங், 20, 25 மி.மீ. அளவு, அதற்கு ஏற்ற ஷாக், அப்புறம் கட்டாயம் அலைன்மென்ட்.

அறிகுறி: முழுதாகத் திருப்பும்போதோ ஆள் ஏறும்போதோ உரசும் சத்தம்

சாக்பீஸை டயரின் தோளில் தடவிவிட்டு ஓட்டுங்கள், எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை ஒட்டியிருக்கும். ஃபெண்டர் லைனரா, பம்பர் ஓரமா, உள்ளே ஸ்ட்ரட்டா என்பது தெரிந்தால்தான் அடுத்த முடிவு.

கணக்கு மிகச் சுலபம். 165-லிருந்து 195-க்குப் போனால் 30 மி.மீ. கூடுகிறது, உள்பக்கம் 15, வெளிப்பக்கம் 15. வீலின் ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) 45-லிருந்து 35-க்குக் குறைந்தால் முழு வீலும் 10 மி.மீ. வெளியே வரும். ஆக வெளிப்பக்கம் 25 கூடும், உள்பக்கம் 5 கூடும். அலாய் வாங்கும் முன் ஆஃப்செட் எண்ணைக் கேளுங்கள், வீலின் உள்பக்கத்தில் ஈடி (ET) என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். ஃபெண்டரை உள்ளே மடித்து அடித்துத் தருகிறோம் என்பார்கள், பெயின்ட் வெடித்துத் துரு பிடிக்கும். டயர் அளவைக் குறைப்பதுதான் சரி.

அறிகுறி: டயர் ஒரே மாதிரி தேயவில்லை

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்தால் கேம்பர் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, இறக்கிய வண்டிகளில் இது சகஜம். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவுங்கள், ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி குத்தினால் அது டோ. டோ கெட்டால் டயர் உருளும்போதே பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது, அதனால் மைலேஜும் சேர்ந்து விழும். இந்தத் தடவல் சோதனையை நான் இப்போது ஒவ்வொரு மாதமும் காற்று பார்க்கும்போதே செய்துவிடுகிறேன்.

அறிகுறி: மழையில் வழுக்குகிறது

அகல டயர் எல்லா இடத்திலும் நல்ல பிடிப்பு என்று நினைக்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும், பட்டன் தேய்ந்திருந்தால் சீக்கிரமே தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும். பள்ளங்களுக்குள் சின்ன மேடாக இருக்கும் தேய்மான அடையாளம் 1.6 மி.மீ. ஆழத்தைக் காட்டுவது, அதுவரை ஓட்டலாம் என்பது சட்டத்துக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஈசிஆரில் ஓட்டுகிறவர் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் நிறைய இருந்தும் வழுக்கினால் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019-ன் 24-வது வாரம். பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும், நகத்தால் அழுத்தினாலே தெரியும். "புது டயர்" என்று தள்ளுபடியில் கொடுப்பதிலும் இந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றக் காசு இருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு எதற்குப் பின்னால் என்று எல்லோரும் கேட்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும், அதைப் பிடிக்கிற பழக்கம் நம்மில் மிகச் சிலருக்குத்தான் இருக்கிறது.

மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

டயரின் லோடு இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையக் கூடாது. 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560 கிலோ. அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கு, டி (T) என்றால் 190, எச் (H) என்றால் 210. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால் உயர வித்தியாசத்தைக் கணக்கு போட்டு வையுங்கள். 2.4 சதவீத வித்தியாசத்தில் ஒரு சக்கரம் ஓடினால் ஏபிஎஸ் விளக்கு எரியலாம், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த மூல வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதனால் அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் டயர் அளவுக்குள் இருப்பதே எல்லா வகையிலும் நிம்மதி. இன்ஷூரன்ஸில் அலாய் போட்டதைத் தெரிவித்து எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வீல் நட்டை எதிரெதிராக, சுற்று வரிசையில் போகாமல், மேனுவலில் இருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பினால் வீட்டுக்கு வந்து நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். புது அலாய் போட்ட பிறகு 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒரு தடவை. என் வண்டியில் அந்த இரண்டாவது தடவையில் பதினாறு நட்டில் மூன்று நட்டுகள் கால் சுற்று உள்ளே போயின.